பெக்கன்ட்ரீ: மலிவாகக் கட்டிய ஊரில் எத்தனை அதிசயம், தெரியுமா?

லண்டன் என்றதும் பிக் பென் மணிக்கூண்டு, பக்கிங்காம் அரண்மனை, தேம்ஸ் கரை ராட்சத ராட்டினம் எல்லாம் வரிசையாக மனதில் வந்து நிற்கும். ஆனால் லண்டனில் கூலிக்கும் சம்பளத்துக்கும் ஓடுகிறவர்கள் ராத்திரி எங்கே போய்ப் படுக்கிறார்கள், தெரியுமா? பச்சை நிற டிஸ்ட்ரிக்ட் ரயிலில் ஏறிக் கிழக்கே போய்க்கொண்டே இருங்கள். கண்ணாடிக் கட்டடங்கள் மறையும், பழைய தொழிற்சாலைப் பக்கங்கள் தாண்டும், பிறகு பெக்கன்ட்ரீ என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கிப் பார்த்தால் செங்கல் வீடுகள். தெரு திரும்பினால் இன்னும் செங்கல் வீடுகள். மாடி ஒன்று, புகைபோக்கி ஒன்று, முன்னால் ஒரு துண்டுத் தோட்டம். பத்து நிமிஷம் நடந்தாலும் இதே காட்சிதான். சுற்றுலாக்காரர் ஒருவர்கூடக் கண்ணில் பட மாட்டார்.

ஆனால் இந்தத் தெருக்கள் அத்தனையும் ஒரே திட்டத்தில் கட்டியவை! ஏறக்குறைய 26,000 வீடுகள்! ஒரு லட்சம் பேருக்கு மேல் குடியேறினார்கள்! கட்டி முடித்தபோது உலகத்திலேயே பெரிய கவுன்சில் குடியிருப்பு என்று பெயர் வாங்கிய இடம் இது. கவுன்சில் வீடு என்றால், உள்ளாட்சி மன்றமே கட்டி, வீட்டுக்காரராக இருந்து, மக்களுக்கு வாடகைக்கு விடும் வீடு. தனியார் வீட்டுக்காரரின் லாபம் என்ற பேச்சே இல்லாமல் ஒரு நகரத்தின் அளவுக்கு ஊர் எழுப்பியிருக்கிறார்கள்.

ஏன் எழுப்பினார்கள், தெரியுமா? முதல் உலகப்போர் முடிந்து சிப்பாய்கள் வீடு திரும்பினார்கள். திரும்பிய வீடு எப்படிப்பட்டது? கிழக்கு லண்டன் சேரிகளில் ஒரே அறையில் ஒரு குடும்பம், பல குடும்பத்துக்குச் சேர்த்து வெளியே ஒரு குழாய், ஒரு கழிப்பறை. நாட்டுக்காகச் சண்டை போட்டவனுக்கு நல்ல வீடு தருவோம் என்று பிரதமர் லாயிட் ஜார்ஜ் வாக்குக் கொடுத்திருந்தார். சுகாதாரத்துக்குப் பொறுப்பாயிருந்த கிறிஸ்டோபர் அடிசன் தொழிலால் மருத்துவர். நோய்க்கு மருந்து கொடுப்பதற்கு முன் நோயாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்பதைப் புரிந்தவர்போலத்தான் அவர் காரியம் செய்தார். 1919-இல் அவர் கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம் அரசாங்கப் பணத்தை இந்த வேலைக்குத் திறந்துவிட்டது. லண்டன் கவுன்ட்டி கவுன்சில் தன் எல்லையையே தாண்டி எசெக்ஸ் மாவட்டத்துக்குள் போய், உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும் விளைந்த தோட்டங்களை வாங்கியது. 1921-இல் சிட்டீஸ் லேன் என்ற தெருவில் முதல் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கின. 1935-இல் வேலை முடிந்தது.

இத்தனை செங்கல்லை எப்படிக் கொண்டுவந்து சேர்த்தார்கள், தெரியுமா? தேம்ஸ் ஆற்றங்கரையில் ஒரு படகுத்துறை கட்டினார்கள். அங்கிருந்து வயல்களுக்குக் குறுக்கே, வீடு கட்டும் வேலைக்கென்றே தனி ரயில் பாதை போட்டார்கள். படகில் வந்த சரக்கு அந்த ரயிலில் ஏறி நேரே கட்டுமிடத்துக்குப் போனது. வேலை முடிந்ததும் தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள்.

மலிவு என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இனி வருவதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1918-இல் டியூடர் வால்டர்ஸ் குழு என்று ஒன்று, தொழிலாளி வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. ஒரு ஏக்கரில் 12 வீடுதான் இருக்கலாம். எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே 70 அடி இடைவெளி வேண்டும். அது ஏன் 70 அடி? வெயிலுக்காக! டிசம்பர் மாத நடுப்பகலில் லண்டன் சூரியன் தொடுவானத்திலிருந்து வெறும் 15 டிகிரி உயரத்துக்குத்தான் எழும். அதே நாளில் சென்னையில் 53 டிகிரி. அவ்வளவு சாய்ந்து வரும் வெளிச்சம் எதிர்வீட்டின் நிழலில் மாட்டிக்கொள்ளாமல் இந்த வீட்டு ஜன்னலுக்கு வந்து சேர வேண்டும் என்றால் அத்தனை தூரம் தேவை. குளிர்கால வெயிலைக் கூலிக்காரன் வீட்டுக்கும் கணக்குப் போட்டுப் பங்கு வைத்திருக்கிறார்கள்! அந்தச் சிந்தனையில் பிறந்த ஊர்தான் பெக்கன்ட்ரீ. டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்து, காலை 8 மணி வரை இருட்டாகக் கிடக்கும் ஊரில் நடுப்பகல் வெளிச்சம் எவ்வளவு பெரிய சொத்து என்று அங்கே ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் நேர்மாறு. ராத்திரி 9 மணி தாண்டியும் பிள்ளைகள் தெருவில் பந்து விளையாடுவார்கள், திரைச்சீலையை இழுத்து மூடித்தான் குழந்தைகளைத் தூங்கவைக்க வேண்டும்.

வீடுகள் எல்லாம் ஒரே அச்சு என்று பார்த்தவுடன் தோன்றும். நின்று பாருங்கள். இங்கே கதவு ஓரத்தில், அங்கே கதவு நடுவில். ஒன்றில் கூரை சரிந்து இறங்கும், அடுத்ததில் முக்கோணமாக நிமிரும். மொத்தம் 91 மாதிரிகள் என்று கணக்கு! உள்ளேயே கழிப்பறை, குழாய்த் தண்ணீர், எரிவாயு, மின்சாரம். அந்தக் காலத்துச் சேரியிலிருந்து வந்த ஒரு தாய்க்கு, கதவைச் சாத்திக்கொண்டு குளிக்க முடிவது எப்படி இருந்திருக்கும்!

இன்னொரு அழகு, பான்ஜோ! பான்ஜோ என்பது நீண்ட கழுத்தும் வட்ட முகமும் கொண்ட நரம்பு வாத்தியம். பெக்கன்ட்ரீயில் அது ஒரு வகைத் தெருவின் பெயர். பெரிய தெருவிலிருந்து ஒரு குறுகலான சந்து பிரியும். உள்ளே நடந்தால் முடிவில் வட்டமாக விரியும், வட்டத்தைச் சுற்றி வீடுகள், நடுவில் புல்தரை. வழி அதோடு முடிந்தது. வேறெங்கோ போகிற வண்டி அங்கே நுழைய வேண்டிய தேவையே இல்லை. ஜன்னல் எல்லாம் நடுவிலிருக்கும் புல்லைப் பார்த்தபடி இருப்பதால், ஒரு குழந்தை விழுந்து அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நூறு வருஷத்துக்கு முன் தெருவை வரைந்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள்!

நல்ல வீடு கொடுத்தவர்கள் கெடுபிடியும் கொடுத்தார்கள். குடிவந்தவர்களுக்குக் கையேடு ஒன்று உண்டு. ஜன்னல்களை வாரம் ஒரு முறையாவது துடைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. தோட்டத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். முன்வேலி முழுக்க பிரிவெட் என்ற பசுமைச் செடி. அழகான தோட்டத்துக்கு வருஷா வருஷம் போட்டி, பரிசு. இந்தக் கெடுபிடியைச் சிலர் வெறுத்தார்கள், சிலர் பெருமையாக ஏற்றுக்கொண்டார்கள்.

வருத்தமான பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சேரியிலேயே மிக ஏழையாக இருந்தவர்களால் இந்த வாடகையைக் கொடுக்க முடியவில்லை. நிலையான சம்பளம் உள்ள தொழிலாளிகளுக்குத்தான் பெரும்பாலும் வீடு கிடைத்தது. ஆரம்பத்தில் பள்ளிக்கூடங்கள் போதவில்லை, வேலை பக்கத்தில் இல்லை. வீட்டைக் கட்டியது லண்டன் கவுன்ட்டி கவுன்சில். பள்ளிக்கூடம் எசெக்ஸ் பொறுப்பு. ஊரோ பார்க்கிங், டேகனம், இல்ஃபர்டு என்று மூன்று உள்ளாட்சிகளுக்குள் பரவிக் கிடந்தது. ஒருவர் மற்றவரைக் கை காட்டினால் பிள்ளை எங்கே படிக்கும்? அக்கம்பக்கத்து உறவை விட்டு வந்த பெண்களுக்குத் தனிமை வேறு. அந்தத் தனிமையைப் போக்கச் சமூகக் கூடங்கள் முளைத்தன. அதில் ஒன்று பார்ஸ்லோஸ் அவென்யூவில் இன்றும் இருக்கும் கிங்ஸ்லி ஹால். பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1931-இல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போன காந்திஜி ஹோட்டல் வேண்டாம் என்று சொல்லி, கிழக்கு லண்டன் போ பகுதியில் ஏழைகள் நடுவே தங்கினாரே, அந்த கிங்ஸ்லி ஹாலை நடத்திய லெஸ்டர் சகோதரிகள்தான் டேகனமிலும் இதை ஏற்படுத்தினார்கள்!

வேலைப் பஞ்சம் தீர்ந்தது ஃபோர்டு கம்பெனியால். தேம்ஸ் ஓரச் சதுப்பு நிலத்தில் எழுந்த டேகனம் தொழிற்சாலையிலிருந்து 1931-இல் முதல் வண்டி வெளியே வந்தது. 1950-களில் 40,000 பேர் வரை அங்கே வேலை செய்தார்கள். இனிச் சொல்லப்போவதைப் பெண்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1968-இல் அந்தத் தொழிற்சாலையில் கார் இருக்கைக்கு உறை தைத்த 187 பெண்கள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார்கள். அவர்கள் செய்யும் வேலைக்குத் திறமை வேண்டாம் என்று நிர்வாகம் தரம் குறைத்துப் போட்டிருந்தது. அளவு பார்த்து, வளைவு பார்த்து, அழுத்தமான துணியைத் தைக்கிற வேலைக்குத் திறமை வேண்டாமாம்! உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் இல்லை. மூன்று வாரத்தில் உற்பத்தியே ஸ்தம்பித்தது. அமைச்சர் பார்பரா காஸில் அந்தப் பெண்களை அழைத்துப் பேசினார். ஆண்கள் கூலியில் 92 சதவீதம் கிடைத்தது. 1970-இல் சம வேலைக்குச் சம ஊதியச் சட்டமே வந்துவிட்டது. திறமையான வேலை என்ற தரத்தை வாங்க மட்டும் 1984 வரை அவர்கள் போராட வேண்டியிருந்தது. அங்கே கார் தயாரிப்பது 2002-இல் நின்றுவிட்டது.

கால்பந்து ரசிகர்களே, 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது கேப்டன் பாபி மூர், மேனேஜர் ஆல்ஃப் ராம்சே. மூர் பிறந்தது பார்க்கிங், ராம்சே பிறந்தது டேகனம். இரண்டும் இன்று ஒரே பரோ, அதாவது ஒரே உள்ளாட்சிப் பகுதி! நடிகர் டட்லி மூர் வளர்ந்ததும் டேகனமில்தான்.

சரி, இன்று அங்கே குடியிருப்பது எப்படி இருக்கும்? வீட்டுக்குள் போவோம். நுழைந்ததும் ஒடுக்கமான நடை, எதிரே செங்குத்தான மாடிப்படி. கீழே கூடம், சமையலறை. மேலே படுக்கையறைகள். மூன்றாவது படுக்கையறை இருந்தால் பெரும்பாலும் பாக்ஸ் ரூம்தான். கட்டில் போட்டால் பீரோ வைக்க இடம் இருக்காது. அதைத்தான் வாடகைக்கு எடுத்து எத்தனையோ பேர் லண்டன் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். பல குடும்பம் பகிர்ந்து வாழும், உரிமம் வாங்க வேண்டிய வீடு என்றால், பெரியவர் ஒருவர் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்று 2018-லிருந்து சட்டம் சொல்கிறது. புள்ளிக்குப் பிறகு இரண்டு எண் வரை சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்! அறை பார்க்கப் போகிறவர்கள் டேப் ஒன்றைக் கையில் எடுத்துப் போவது நல்லது.

கவுன்சில் வரியைக் கேட்டால் இன்னும் ஆச்சரியம். இங்கிலாந்தில் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு வரி என்பதை இன்றைய விலை தீர்மானிப்பதில்லை. 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதுதான் கணக்கு! போன வருஷம் கட்டிய வீடாக இருந்தாலும், அது 1991-இல் இருந்திருந்தால் என்ன விலை என்று மதிப்பிட்டு, ஏ முதல் ஹெச் வரை ஒரு படியில் போடுகிறார்கள். தனியாக வாழ்பவருக்கு 25 சதவீதம் தள்ளுபடி. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை, ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். வழக்கமாகப் பத்துத் தவணை. ஏப்ரலில் ஆரம்பித்து ஜனவரியில் முடிந்துவிடும். பிப்ரவரியும் மார்ச்சும் குடும்பத் தலைவிக்கு மூச்சு விட நேரம்.

மருந்துக் கடைக்கு வாருங்கள். இங்கிலாந்தில் டாக்டரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. அவர் எழுதும் மருந்தின் விலை எதுவானாலும் ஒரு மருந்துக்கு ஒரே கட்டணம். பதினாறு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கும் 60 தாண்டியவருக்கும் அதுவும் கிடையாது. பள்ளிக்கூடம் இலவசம். ஆனால் நல்ல பள்ளிக்கு ஆள் அதிகம் விண்ணப்பித்தால், பல இடங்களில் வீட்டுக்கும் பள்ளிக்கும் நேர்கோட்டுத் தூரம் அளந்து இடம் கொடுக்கிறார்கள். சில மீட்டர் வித்தியாசத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைக்கும், இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்காது. அதனால்தான் வீடு தேடும் நம் பெற்றோர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். 2023 செப்டம்பரிலிருந்து லண்டன் அரசு தொடக்கப்பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். மதிய உணவின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

பஸ் ஏறினால் ஒரே கட்டணம். முதல் பஸ்ஸில் கார்டைத் தொட்டதிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் மேலும் காசில்லை. 2014-லிருந்து ரொக்கம் வாங்குவதும் இல்லை. இரண்டு இடத்தில் வேலை செய்துவிட்டு வீடு திரும்பும் ஒரு பெண்ணுக்கு இந்த ஒரு மணி நேரச் சலுகை மாதக் கடைசியில் எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

சாலையைக் கடக்க சிக்னல் கம்பத்தின் அருகே நிற்கிறீர்கள். பொத்தான் பெட்டி தெரியும். அதன் அடிப்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். பெரும்பாலும் சின்னக் கூம்பு ஒன்று தட்டுப்படும், விரல் நுனியளவு, பக்கமெல்லாம் வரி வரியாக. பச்சை மனித உருவ விளக்கு எரியும்போது அது சத்தமில்லாமல் சுழலும்! கண் தெரியாதவர், கூடவே காதும் கேளாதவர், விரலால் தொட்டே சாலையைக் கடக்க நேரம் வந்ததை அறிந்துகொள்வதற்காக வைத்தது. தினமும் அந்தப் பொத்தானை அமுக்குகிற லட்சக்கணக்கானவர்களுக்கு அடியில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பணக்காரப் பகுதியில் இருக்கும் அதே கூம்பு டேகனம் சாலையிலும் சுழல்கிறது. அதுதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலிச் செடியை வளர்த்து உங்கள் வெளிச்சத்தை மறைத்தால்? பேசிப் பார்த்தும் கேட்கவில்லை என்றால், 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமை வேலியைப் பற்றி கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். 2003-இல் வந்த சட்டம்! காய்கறி போட ஆசையா? அலாட்மென்ட் கேட்கலாம். கவுன்சில் குறைந்த வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டு அது. இன்றைக்கும் அதை ராட் என்ற பழைய அளவில்தான் பேசுகிறார்கள். முழுத் துண்டு என்றால் 10 ராட், ஏறக்குறைய 250 சதுர மீட்டர். மத்திய லண்டன் பரோக்கள் நீங்கலாக, ஊர் வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் கவுன்சில் அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் வீடு மாறிய வாரமே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

மலிவான வீடு இன்றும் மலிவா? இங்கேதான் மனசு கனக்கிறது. 1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு, கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதையே தள்ளுபடி விலையில் வாங்கலாம் என்று சட்டம் போட்டது. பெக்கன்ட்ரீயில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் வாங்கின. வாங்கிய வீடு எது என்று தெருவில் நின்றே கண்டுபிடிக்கலாம். சாவி கைக்கு வந்ததும் பலர் முதலில் மாற்றியது வாசல் கதவைத்தான். கவுன்சில் போட்ட ஒரேமாதிரிக் கதவுகளின் நடுவே பளபளவென்று ஒரு புதுக் கதவு, ஒரு முன்மண்டபம், சுவரில் ஒட்டிய கல் பலகை. வாழ்நாள் முழுக்க வாடகை கொடுத்தவர் இது என் வீடு என்று சொல்லிக்கொண்டது அந்தக் கதவில் தெரியும். அந்தச் சந்தோஷத்தை யாராலும் குறை சொல்ல முடியாது. ஆனால் விற்ற வேகத்துக்குப் புது வீடு கட்டவில்லை. விற்ற வீடுகளில் பல கை மாறி, இன்று தனியார் வீட்டுக்காரர்களிடம் சந்தை வாடகைக்கு ஓடுகின்றன. கவுன்சில் வீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் அதே கவுன்சில் கட்டிய வீட்டில், பல மடங்கு வாடகை கொடுத்து இருக்கிறது! 2024 நவம்பரில் லண்டனில் அந்தத் தள்ளுபடியை வெகுவாகக் குறைத்தார்கள். காலம் கடந்து செய்த காரியம் என்றுதான் நான் நினைக்கிறேன். இத்தனைக்குப் பிறகும் லண்டனில் வீட்டு விலை குறைந்த பரோ எது என்று பார்த்தால் பார்க்கிங் அண்ட் டேகனம் பெயர்தான் பெரும்பாலும் முன்னே வருகிறது. குறைவு என்பது லண்டன் கணக்கில் குறைவு, அவ்வளவுதான்.

அந்தக் குறைவைத் தேடித்தான் நம்மவர்களும் வருகிறார்கள். பெக்கன்ட்ரீயிலிருந்து நகரை நோக்கி ரயில் ஏறினால் அப்னி, பார்க்கிங், மூன்றாவது ஸ்டேஷன் ஈஸ்ட் ஹாம்! ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் தமிழ் எழுத்துப் பலகைகளும் மகாலட்சுமி கோயிலும். இன்னும் கொஞ்சம் தள்ளி மேனர் பார்க்கில் முருகன் கோயில், ராஜகோபுரத்தோடு. அந்தப் பக்கம் வாடகை ஏற ஏற, இலங்கையிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்த குடும்பங்கள் கிழக்கே நகர்ந்து டேகனம் தெருக்களில் வீடு பார்க்கின்றன. வார நாளில் பான்ஜோவின் அமைதி, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாமின் கூட்டம்.

பெக்கன்ட்ரீ பக்கம் போகிறவர்கள் வேலன்ஸ் ஹவுஸை விட்டுவிடாதீர்கள். குடியிருப்பின் நடுவிலேயே, பழைய அகழியின் ஒரு துண்டோடு நிற்கும் ஜமீன் வீடு. இப்போது அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணம் கிடையாது. பெக்கன்ட்ரீ எழும்பிய கதை அங்கே இருக்கிறது. அதோடு டேகனம் ஐடல் என்ற மரச் சிலையையும் கேட்டுப் பாருங்கள். பெக்கன்ட்ரீயில் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த 1922-இல், பக்கத்துச் சதுப்பு நிலத்தில் கழிவுநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்தது. அரை மீட்டர் உயரம்கூட இல்லை. வயது 4,000 ஆண்டுக்கு மேல்!